பின்னறைக்குப் போன ஒயர்

என் மகளுக்கு அம்மை போட்டது மே மாதத்தில், சரியாக ஃபைனலுக்கு ஆறு நாள் இருக்கும்போது. காலையில் எழுந்தவள் கழுத்தில் இரண்டு கொப்புளம் இருக்கிறது என்றாள். வேர்க்குரு என்று நினைத்து நான்தான் பவுடர் போட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் முதுகு முழுக்க முத்து முத்தாகக் கிளம்பிவிட்டது. அவள் அழவில்லை. கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பி முதுகைப் பார்த்தாள்.

“ம்மா, ஆறு நாள்ல எறங்கிடுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குப் பதினேழு வயது. எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி டீமில் லெப்ட் கார்னர். அதாவது எதிர் டீமிலிருந்து பாடி வருகிறவள் திரும்பி ஓடும்போது, ஓரத்தில் பதுங்கி நின்று அவள் கணுக்காலைப் பிடித்து நிறுத்துகிற வேலை. நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்துக்கே எழுந்து, மூன்று வருஷமாக மைதானத்துக்கு ஓடியவள். கோடை லீவில் எங்கள் ஊரில் நடக்கும் டோர்னமென்ட்டுக்கு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்து டீம்கள் எல்லாம் வரும். எங்கள் பெண்கள் ஃபைனலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை செமிஃபைனலில் கடைசிப் பிடி பிடித்து ஜெயிக்க வைத்தவள் இவள். திங்கட்கிழமை காலையில் அம்மை.

இவள் இடத்தில் ஆடப் போவது யார் என்று தெரிந்ததும் எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. எதிர் வீட்டுப் பெண். அவளுக்கும் எனக்கும் சண்டை இல்லை, அவள் அம்மாவுக்கும் எனக்கும்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் தெருக்குழாயில் என் குடத்தை நகர்த்தி வைத்தாள் என்று ஆரம்பித்தது. பேச்சு வளர்ந்து, கடைசியில் அவள், “பொண்ண டவுசரு மாட்டி ஊரு மேய உட்டுட்டு எங்கிட்ட வந்து நாயம் பேசறியா?” என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள். நானும் சும்மா விடவில்லை, என் வாய் எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரியும். அன்றோடு பேச்சு நின்றது. அப்படிச் சொன்னவள், ஆறே மாதத்தில் தன் மகளுக்கும் டவுசர் வாங்கிக் கொடுத்து அதே டீமில் சேர்த்தாள். மெய்யாகவே எனக்கு வயிறு எரிந்தது. அம்மாக்கள் பேசாததால் பெண்களும் பேசுவதில்லை. ஒரே டீமில் ஆடிக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வீட்டுக்கு வருவார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர், என் கொழுந்தனார், அவர் மனைவி, அவர்களுடைய எட்டு மாதக் குழந்தை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அம்மை என்றால் விளையாட்டா? மகளைப் பின்னறையில் விட்டேன். எனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டதால் நான் மட்டும் உள்ளே போவேன். பின்னறை வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து கட்டி, காலையும் மாலையும் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். கொழுந்தனார் மனைவி சமையலில் தாளிப்பதை நிறுத்தினாள். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. அந்த அறைக்குள் போன பொருள், தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை வெளியே வரக்கூடாது. பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலை உடுத்தி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். செல்போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன், கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அம்மை கண்ணில் இறங்கிவிடும் என்ற பயத்தில்.

இரண்டாம் நாள் இளநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் சொன்னாள்.

“ம்மா, நான் ஆட முடியாதுன்னு தெரியும். பாக்கவாவது உடு.”

“இன்னாத்தப் பாக்கப் போற? உன் எடத்துல அவ நிக்கிறதையா? அதப் பாத்து வயிறு எரியறதுக்கா?”

“பாக்கணும்மா.”

அவளுக்கு வாய்க்குள்ளேயும் கொப்புளம் வந்திருந்தது, குரல் காற்றாகத்தான் வந்தது. மூன்று வருஷம் காத்திருந்த ஆட்டம் அரைக் கிலோமீட்டர் தூரத்தில் நடக்கப் போகிறது. அவள் கேட்பது அதைப் பார்ப்பது மட்டும்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பார்த்து உடைந்துபோவாளோ என்ற பயமும் போகவில்லை.

அந்த ஆட்டம் போனில் வராது. எங்கள் ஏரியா கேபிளின் லோக்கல் சேனலில் மட்டும்தான் வரும். ஹாலில் இருக்கும் பெரிய டிவி சுவரில் அடித்து மாட்டியது. அதைப் பின்னறைக்குக் கொண்டுபோனால் அறையோடு அடைபட்டுவிடும். பரண்மேல் பழைய குண்டு டிவி ஒன்று கிடந்தது. ஆனால் கேபிள் பெட்டி ஒன்றுதான், அதுவும் ஹாலில். கேபிள்காரிக்குப் போன் போட்டேன்.

இந்தக் கேபிள்காரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். புருஷன் வேறு வேலைக்குப் போன பிறகு, நான்கு ஊர் லைனை ஒருத்தியாகப் பார்க்கிறாள். ஸ்கூட்டியின் முன்னால் கறுப்பு ஒயர் சுருள், கொண்டையில் பூவுக்குப் பக்கத்தில் டெஸ்டர். ஏணியில் ஏறும்போது சேலையை ஒரு சொருகு சொருகிக்கொண்டு ஏறுவாள். கீழே நின்று எவனாவது வேடிக்கை பார்த்தால், “அண்ணா, சும்மாத்தான நிக்கிற, ஏணியப் புடி” என்பாள். பார்த்தவன் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஒயரின் மேல் தோலைப் பல்லால் கடித்து ஒரே இழுப்பில் உரிப்பாள். உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் ஒரு கீறல் விழாது. திருவிழா, டோர்னமென்ட் என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவளே போய் நின்று லோக்கல் சேனலில் போடுவாள். கம்பெனியில் எட்டு மணி நேரம் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டு வந்து இடுப்பு உடைந்துபோச்சு என்று புலம்புகிற நான், அவளைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வேன்.

விஷயத்தைச் சொல்லி, இரண்டாவது பெட்டி ஒன்று கொண்டுவா என்றேன்.

“பத்து நாளுக்கு இன்னாத்துக்குக்கா இன்னொரு பெட்டி? ஹால் டிவிக்கு ஒரே தட்டை ஒயர்ல போவுது. பெட்டிக்குப் பின்னாடி மஞ்சள், செவப்பு, வெள்ளைன்னு மூணு ஓட்டை சும்மாத்தான் கெடக்குது. அதுல சொருகி உள்ள இட்டுனு போயிடலாம். ஆனா ஹால்ல இன்னா ஓடுதோ அதுதான் உள்ளயும் ஓடும், பரவால்லியா?”

“பரவால்ல. ஆனா நீ ஊட்டுக்குள்ள வர முடியாதே.”

“நான் எதுக்கு வரணும்? நீ செய். நான் சொல்றேன்.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஃபியூஸ் போனால்கூடப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவள் நான். ஆனால் அன்று சாயங்காலம் அவள் வந்து, எங்கள் வீட்டுச் சந்தில் ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். கடையில் விற்கிற மூன்று நிற ஒயர் எங்கள் ஹாலைக்கூடத் தாண்டாது. அதனால் படத்துக்குத் தன் கறுப்பு ஒயரையும், சத்தத்துக்குக் காலிங் பெல் ஒயரையும் ஜோடி சேர்த்து நீளமாகச் செய்தாள். ஹாலுக்கு ஒரு துண்டு, அறைக்கு ஒரு துண்டு. இரண்டும் பின்னறை நிலைக்கு மேலே சேர வேண்டும். ஒரு கொம்பு முனையில் கட்டி ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் அவள் வெளியே, நான் உள்ளே. “ஆணிய சாய்ச்சி அடிக்கா.” “ஒயர மடக்காத, வளைச்சி உடு, உள்ள கம்பி முறிஞ்சிடும்.” “ஜாயின்ட்ட முறுக்குறப்போ சோப்புத் துணி புழியற மாதிரி முறுக்காத, மெதுவா.” நான் எரிந்து விழுந்தேன். அவள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. எல்லாம் முடிந்து குண்டு டிவியைப் போட்டால் திரை கறுப்பாக இருந்தது. கொர்ர்ரென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“போச்சு! எல்லாம் வேஸ்டு! நான் அப்பவே சொன்னேன் எனக்கு வராதுன்னு!” என்று ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிப் போட்டேன்.

சந்திலிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது. “அந்தச் சத்தத்த இன்னொரு வாட்டி வையிக்கா.”

வைத்தேன்.

“மஞ்சளும் வெள்ளையும் எடம் மாறிக்கிச்சி. டிவிக்குப் பின்னாடி மாத்திச் சொருவு.”

மாற்றினேன். படம் பளிச்சென்று வந்தது, சத்தத்தோடு. கட்டிலில் படுத்திருந்த என் மகள், வாய்ப்புண்ணோடு, “ஹை” என்றாள். கேபிள்காரி எங்கள் டிவியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒரு கொர்ரென்ற சத்தத்தை வைத்து எது எங்கே மாறியது என்று சொன்னாள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். “நிலைக்கு மேல ரெண்டு ஜாயின்ட் இருக்குது. டேப்பு சுத்தியிருக்குது, ஆனாலும் தண்ணி கிண்ணி படாம பாத்துக்கோக்கா.” நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

அடுத்த நான்கு நாள் பொழுது போயிற்று. கொழுந்தனார் மனைவி ஹாலில் சீரியல் வைத்தால் பின்னறையிலும் சீரியல். என் மகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள், இவள் ஹாலில் சேனல் மாற்றுவாள். ஒரு தட்டு தட்டினால் அப்படியே விடு என்று அர்த்தம். “பேஜாரு புடிச்ச பொண்ணு, ஒரு சீரியல் பாக்க உடுதா” என்று கொழுந்தனார் மனைவி அலுத்துக்கொள்வாள். ஆனால் இரண்டு தட்டுக்குப் பிறகு ஒரு தடவைகூட மாற்றாமல் இருந்ததில்லை. குழந்தைக்காக அந்த அறைப் பக்கமே போகாதவள், சுவர் வழியாக அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐந்து மணிக்கு ஆட்டம். வெயில் தாழத் தொடங்கியதும் மைதானத்தில் மைக் கட்டி அலற ஆரம்பித்துவிட்டார்கள். மகள் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து தயாராக இருந்தாள். நாலரை மணிக்கு நான் வழக்கம்போல் சொம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து, வேப்பிலையால் தோய்த்து, நிலையைப் பார்த்து மூன்று தடவை தெளித்தேன்.

அறைக்குள் டிவி பட்டென்று கறுத்தது. சத்தமும் நின்றது.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். வேப்பிலைக் கொத்து, அதற்கு நேர் மேலே ஜாயின்ட். டேப்பின் மடிப்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அய்யய்யோ! நாலு நாளாகக் காலையும் மாலையும் அம்மனுக்குத் தெளிக்கிறேன் என்று அந்த ஜாயின்ட்டுக்குத்தான் அபிஷேகம் செய்திருக்கிறேன். தண்ணி படாமல் பார்த்துக்கொள் என்று அவள் சொன்னதற்குத் தலையாட்டியது யார்? நான்தான். அந்த நிமிஷம் என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறி, கேபிள்காரிக்குப் போன் போட்டேன். அவள் மைதானத்தில் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள்.

“நல்ல பூசைதான் போ. டேப்ப அவுத்து உள்ள எப்டி இருக்குதுன்னு சொல்லு.”

“ரெண்டும் பச்சையா பூத்துப்போய்க் கெடக்குது. துணியால தொடைச்சேன். முறுக்குனா நிக்க மாட்டேங்குது.”

“கம்பி அரிச்சிப்போச்சி. மாத்த இப்ப நேரம் இல்ல, நான் இங்கேர்ந்து நவுர முடியாது. வெரலால அமுத்திப் புடிச்சா வரும். ஆனா ரெண்டையும் ஒரு ஆளு புடிக்க முடியாது. படம் வேணுமா, சத்தம் வேணுமா?”

மகளைக் கேட்டேன்.

“படம். சத்தம் ஜன்னல்லயே வருது.”

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கறுப்பு ஒயர் ஜாயின்ட்டை அழுத்தினேன். மகள் கையைத் தூக்கிக் காட்டினாள், வருகிறது என்று. விரலைத் தளர்த்தினால் கையை இறக்கினாள். கணவர் செகண்ட் ஷிஃப்டில் இருந்தார். கொழுந்தனார் மைதானத்தில். குழந்தைக்காரி இந்தப் பக்கம் வரக்கூடாது. வேறு ஆள் ஏது? நாற்பது நிமிஷ ஆட்டம், நானே பிடித்துக்கொண்டு நிற்பது என்று முடிவானது.

அப்படி நிற்கிற எனக்கு ஆட்டம் தெரியாது. குண்டு டிவி வாசலை ஒட்டி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரம்மின்மேல் இருந்தது. ஹால் டிவி சுவருக்கு அந்தப் பக்கம். எனக்கு நேர் எதிரே தெரிந்தது கட்டிலில் இருந்த என் மகளின் முகம் மட்டும்தான். கன்னம், நெற்றி, இமை எல்லாம் கொப்புளம், நடுவில் இரண்டு கண்.

இன்னொன்றும் இருந்தது. மைதானத்தில் நடப்பது டிவிக்கு வர ஐந்து செகண்ட் ஆகும் என்று கேபிள்காரி முன்பே சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டர் மென்று முழுங்கித்தான் அனுப்புமாம். ஜன்னலுக்கு அப்படி இல்லை. ஆட்டம் தொடங்கியதும் அது புரிந்தது. ஜன்னல் வழியாக ஊரே ஓவென்று கத்தும். யாருக்குப் பாயின்ட் என்று தெரியாது, இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மாதிரிதான் கத்துகிறார்கள். என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அவள் உதட்டைக் கடித்தால் போச்சு. தொடையில் தட்டினால் நமக்கு.

முதல் பாதியில் உதட்டைக் கடித்ததுதான் அதிகம்.

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அதில் வருத்தம் வரவில்லை. தோற்றால் நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் இல்லாமல் ஜெயித்துவிட்டால், மூன்று வருஷம் அவள் ஓடியதற்கு என்ன அர்த்தம்? அந்த எதிர் வீட்டுக்காரி தெருவில் கப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பாளே, அதை நான் பார்க்க வேண்டுமா? கை ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தது, மனசு எதிர் டீமோடு இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

இடைவேளை வந்தபோது ஐந்து பாயின்ட் பின்னால் இருந்தோம். கொழுந்தனார் மனைவி ஹாலிலிருந்து ஸ்கோரைச் சொன்னாள். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. கையை இறக்கப் போனேன்.

“ம்மா, கேபிளக்காக்குப் போன் போடு. அவகிட்ட குடுக்கச் சொல்லு,” என்றாள் மகள்.

“எவ கிட்ட?”

“அவ கிட்டதான். எதிர் ஊட்டு அவ.”

“உனக்கு இன்னா பைத்தியமா? ஒரு வருசமா மூஞ்சக்கூடப் பாக்கல நீங்க.”

“ம்மா. அஞ்சி நிமிசம்தான் இருக்குது. எனக்குக் கொரலு வராது. நீதான் சொல்லணும்.”

இடுப்பில் சொருகியிருந்த போனை இடது கையால் எடுத்துப் போட்டேன். கேபிள்காரி எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் எதுவும் கேட்காமல், “இரு” என்று ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சிரைக்க ஒரு சின்னக் குரல்.

“அலோ?”

தெருவில் எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. கட்டிலிலிருந்து என் மகள் காற்றுக் குரலில் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“அந்த ஒசரமான பொண்ணு, பின்னல் போட்டவ, பாட வர்றால்ல... அவ வலது கால முன்னாடி நீட்டி ஆட்டுவா. அது பொய்யி. அதுக்கு நீ பாயாத. ஒவ்வொரு வாட்டியும் நீ அதுக்குத்தான் பாயற.”

“ம்.”

“அவ திரும்பறப்போ எடது காலு ஒரு நொடி ஊணி நிக்கும். அப்பப் புடி. கணுக்கால. ரெண்டு கையும் போட்டு. அது வரைக்கும் ஓரத்துலயே நில்லு, ரெண்டு அடி பின்னால.”

“சரிங்க... சரி அத்த.”

அத்தை என்றாள். சண்டைக்கு முன்னால் அப்படித்தான் கூப்பிடுவாள். போனை வைக்கப் போனேன். மகள் கையை ஆட்டினாள், இன்னும் இருக்கிறது என்று.

“நீ நல்லாத்தான் ஆடற, பயப்படாதன்னு சொல்லு. கண்ணுன்னு சொல்லு.”

முறைத்தேன். அவளும் முறைத்தாள், அம்மை போட்ட முகத்தோடு. நான் பெற்ற பெண், என் முறைப்புக்கெல்லாம் அசையமாட்டாள்.

“நல்லாத்தான் ஆடற, பயப்படாத... கண்ணு,” என்றேன்.

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. லைன் போய்விட்டது.

இரண்டாவது பாதியில் நான் ஒயரை முன்னைவிட இறுக்கிப் பிடித்தேன். விரல் நுனி மரத்துப்போய்விட்டது. ஜன்னலில் ஓவென்று கத்தல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மகள் தொடையில் தட்டினாள். மறுபடியும் கத்தல், மறுபடியும் தட்டினாள். “புடிச்சிட்டாம்மா! எடது காலு!” குரலே இல்லாமல் கத்தினாள். ஹாலில் கொழுந்தனார் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிற சத்தம் கேட்டது. இப்போது நான் யார் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன் என்று கேட்காதீர்கள். எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியாது.

“அக்கா, கடைசி பாட்டு! நம்ம ஒரு பாயின்ட்டு முன்னால! அந்த ஒசரமான பொண்ணுதான் வர்றா!” என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

ஊர் முழுக்க அமைதியானது. மைக்காரன்கூட வாயை மூடிக்கொண்டான். பிறகு ஜன்னல் வழியாக அந்தக் கத்தல் வந்தது. அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. பட்டாசும் வெடித்தது. பட்டாசு யாருடையது? எதிர் டீமான ஊத்துக்கோட்டைக்காரர்களும் ஒரு வேன் நிறையக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று மத்தியானமே கொழுந்தனார் சொன்னாரே. தோற்றிருந்தால்? விரலை எடுத்துவிட்டால் போதும், திரை கறுத்துவிடும், அவள் அதைப் பார்க்க வேண்டாம். எடுக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து என் கண்ணை எடுக்காமல் எண்ணினேன். அவள் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் குவித்து வைத்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பின்னால பின்னால, பாயாத, இரு இரு. அந்தப் பெண்ணோடு சேர்ந்து மைதானத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஐந்து.

கொப்புளம் இருக்கிறது, வலிக்கும் என்பதையெல்லாம் மறந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் கொப்புளங்களின்மேல் வழிந்தது. எரிந்திருக்கும், துடைக்கவில்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வேப்பிலையால் முகத்தைத் தடவிக் கொடுத்தேன். கேட்கக்கூடாது என்று நினைத்தேன், வாய் கேட்டதா?

“ஏண்டி, உன் எடத்துல நின்னு அவ ஜெயிச்சிட்டா. உனக்கு ஒண்ணும் இல்லியா?”

“இருக்குதும்மா. நெறையா இருக்குது,” என்றாள். “அதுக்குத்தான் டிவி கேட்டேன். பாக்காம படுத்துக்கினு இருந்தன்னா, அவ தோக்கணும்னு வேண்டிக்கினே இருந்திருப்பேன். பாத்துக்கினு இருக்கறப்போ அப்டி வேண்டிக்க முடியாதும்மா.”

முதல் பாதி முழுக்க ஆட்டத்தைப் பார்க்காமல் நின்றது நான் ஒருத்திதான்.

சந்தில் ஸ்கூட்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கேபிள்காரி. அவளுக்குப் பின்னால் உடம்பெல்லாம் மண்ணாக எதிர் வீட்டுப் பெண், கையில் கப். அவளுக்கும் பின்னால், சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, வருவதா போவதா என்று தெரியாமல் அவள் அம்மா. அந்தப் பெண் ஜன்னல் கம்பிக்கு நேராகக் கப்பைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளேயிருந்து என் மகள் கையைத் தூக்கினாள்.

அம்மை இருக்கிற வீடு, உள்ளே வாருங்கள் என்று யாரையும் கூப்பிட முடியாது. காலைக் கழுவிக்கொண்டு நானே வெளியே போனேன்.